மூன்று கட்டம் போட்டு ஒரு சஸ்பென்ஸ் காட்சி எழுதுவது எப்படி?

த்ரில்லர் குறும்படம் எடுக்கக் கிளம்பும் பலர் கொலையையும் கடைசி நிமிடத் திருப்பத்தையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். படம் நிற்பதோ நடுவில் வரும் ஒரு பதற்றக் காட்சியில். இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946) படத்து விருந்துக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் அதை எழுதும் வழி எனக்குப் பிடிபட்டது. ரியோ டி ஜெனீரோவில் ஒரு மாளிகை. கணவனின் ஒயின் நிலவறைச் சாவியை மனைவி எடுத்துவிட்டாள். அவள் அமெரிக்க உளவாளி என்பது அவனுக்குத் தெரியாது.

படி 1: தேடும் பொருள். எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்தப் படத்தில் ஒயின் பாட்டிலுக்குள் யுரேனியத் தாது. அது என்ன, எப்படி வந்தது என்று விளக்க வசனம் எழுதாதீர்கள்.

படி 2: யாருக்கு என்ன தெரியும்? எனக்கும் அதிக நேரம் பிடித்த படி இதுதான். தாளை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: பார்வையாளர், ஒளிந்து செய்பவர், பிடிக்கப் போகிறவர். காட்சியின் ஒவ்வொரு தகவலையும் ஒரு வரியாக எழுதி, தெரிந்தவர் கட்டத்தில் டிக் போடுங்கள்.

சாவி அவள் கையில் இருக்கிறது: முதல் இரண்டு கட்டத்தில் டிக். கூடத்தின் உயரத்திலிருந்து இறங்கும் கேமரா, இத்தனை விருந்தாளிகளையும் தாண்டி, மனைவியாக நடிக்கும் இங்க்ரிட் பெர்க்மன் பொத்தி வைத்திருக்கும் அந்தச் சாவியில் வந்து நிற்பது இந்த டிக்குக்காகத்தான். அப்புறம் அவளும் சக உளவாளியாக வரும் கேரி கிராண்டும் நிலவறைக்குள் போகிறார்கள். மேலே ஷாம்பெயின் தீர்ந்துகொண்டிருக்கிறது. தீர்ந்தால் புதுப் பாட்டில் எடுக்கக் கணவன் கீழே வருவான். எத்தனை பாட்டில் மிச்சம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வரப்போகிறவனுக்கோ உள்ளே யார் என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர் பார்வையாளர் மட்டுமே.

அப்படி ஒரு வரியாவது உங்கள் தாளில் இருக்க வேண்டும். மூன்று கட்டத்திலும் டிக் விழுந்த நொடியில் பதற்றம் முடிந்து மோதல் தொடங்கிவிடும். அதை எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

படி 3: கடிகாரம். சுவர்க் கடிகாரத்தையோ டைமரையோ காட்ட வேண்டாம். காட்சிக்குள்ளேயே குறைந்துகொண்டு வரும் ஒன்றைப் பிடியுங்கள். இங்கே ஐஸ் தொட்டியில் குறையும் பாட்டில்கள். அந்த விருந்தில் ஹிட்ச்காக்கே ஒரு கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார், கவனித்துப் பாருங்கள்!

கையில் காசில்லாத குறும்படத்துக்கு ஒலியே போதும். வீட்டு உரிமையாளர் குளிக்கிறார். கூடத்தில் அவர் போனிலிருந்து நாயகி படங்களைத் தனக்கு அனுப்புகிறாள். “தொட்டியில தண்ணி கொஞ்சந்தான் இருக்கு” என்று ஒரு வசனத்தை முன்னாடியே வைத்துவிடுங்கள். பிறகு குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் மெலிய மெலிய வேலை தானாக நடக்கும். பின்னணி இசை போட்டு அதை மூடிவிடாதீர்கள்.

படி 4: தடங்கல். ஒன்று போதும், அதுவும் ஒளிந்து செய்பவர் கையாலேயே நேர வேண்டும். நிலவறையில் ஒரு பாட்டில் தவறி விழுந்து உடைகிறது. தேடியதும் கிடைக்கிறது, மறைக்க வேண்டிய தடயமும் உண்டாகிறது.

திரைக்கதை மென்பொருளை இதெல்லாம் முடிந்த பிறகு திறந்தால் போதும். அதுவரை பென்சிலும் கோடு போடாத தாளும்தான் என் சிபாரிசு. வரிகளை அழித்து இடம் மாற்றுவதுதான் இங்கே பாதி வேலை.

பின்சேர்க்கை: “கொலையாளி யார் என்பதே மர்மம் என்றால் இந்தத் தாள் உதவுமா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படியே உதவாது. பாடல்களே இல்லாமல் வந்த எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) அந்த வகை. தொடக்கத்திலேயே கொலை நடந்துவிடும். சுட்டது யார் என்று தெரியாது. அதற்குப் பார்வையாளர் கட்டத்தையும் துப்பறிபவர் கட்டத்தையும் ஒன்றாக்கி, சந்தேக வளையத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டம் போடுங்கள். அவரவர் மறைப்பது என்ன என்பதை அதில் முதலில் நிரப்புங்கள்.