பெங்களூரில் ‘கடலை’ என்று மட்டும் கேட்காதீர்கள்

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பெங்களூரு தர்ஷினிகளில் (நின்றுகொண்டே சாப்பிடும் சிறு உணவகங்களில்) உணவு வாங்கும்போது, ‘கடலை போட்டிருக்கிறதா’ என்று கேட்காமல், ‘கடலேகாயி’, ‘கடலே பீஜ’, ‘ஷேங்கா’ என வேர்க்கடலையின் மூன்று கன்னடப் பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள். கன்னடத்தில் ‘கடலே’ என்பது கொண்டைக்கடலையைக் குறிப்பதால், நாம் வேர்க்கடலையை நினைத்துக் கேட்க, கடைக்காரர் கடலைப்பருப்பையோ பொட்டுக்கடலையையோ நினைத்துப் பதில் சொல்லிவிடக்கூடும். சித்ரான்னத்தில் வேர்க்கடலை கண்ணுக்குத் தெரியும். சட்னியில் அரைத்துவிட்டால் தெரியாது. வட கர்நாடகத்துச் சமையல்காரருக்கு ‘ஷேங்கா’தான் சட்டென்று புரியும்.

ஒரே கரண்டியும் வாணலியும் எல்லாவற்றுக்கும் புழங்கும் கடைகளில், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பயனில்லை. துளி பட்டாலே மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. அவர்களுக்கு வீட்டிலிருந்து கட்டி எடுத்துச் செல்லும் டப்பாதான் சரி.