தக்காளி பூக்குது, காய்க்க மாட்டேங்குதா? இத செஞ்சு பாருங்க

எங்க மலேசியாவுல தாப்பா பக்கம் தக்காளி போட்டவங்க எல்லாரும் சொல்ற ஒரே கவலை, பூ கொத்து கொத்தா வருது ஆனா ஒண்ணு கூட நிக்க மாட்டேங்குதுன்னு. எங்கம்மா லயத்து வீட்டு முன்னாடி ஆறு பொலிபேக்ல (செடி வளர்க்கிற பிளாஸ்டிக் பை) போட்டிருந்தாங்க, இடுப்பு உயரத்துக்கு வந்திடுச்சு, காலைல கதவ தெறந்தா பூவெல்லாம் கீழ கெடக்கும், அம்மா முகம் வாடிப்போயிடும். கடையில கேட்டு பூச்சி மருந்து வாங்கி அடிச்சோம், ஒண்ணும் ஆகல, ஏன்னா அது பூச்சியே இல்ல.

மொதல்ல பூவ கிட்ட வச்சு பாருங்க. காம்பு நடுவுல முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்த எடம் மஞ்சளாச்சுன்னா பூ அங்கயே ஒடிஞ்சு விழப்போகுதுன்னு அர்த்தம். காம்பு பச்சையாவே இருந்து, இதழ் காஞ்சு சுருண்டு, உள்ள குண்டூசி தலை அளவு பச்சையா தெரிஞ்சா அதான் பிஞ்சு.

தக்காளிக்கு ஆண் பெண் ரெண்டும் ஒரே பூவுலதான், வேற செடி வேணாம். ஆனா மகரந்தம் நடுவுல இருக்கிற மஞ்ச கூம்புக்குள்ள அடைஞ்சு கெடக்கும், ஆட்டினாதான் கொட்டும். நம்ம ஊர்ல ராத்திரி 23, 24 டிகிரிக்கு கீழ எறங்குறதே கம்மி, தக்காளி 21க்கு கீழ இருந்தா நல்லா பிடிக்கும், பகல்ல 32 தாண்டினா மகரந்தமே கெட்டுடும், இதுல நம்ம ஈரக்காத்து வேற, தூள் கட்டி பிடிச்சு கொட்டவே மாட்டேங்குது. இதே தாப்பாலேர்ந்து மலை ஏறி சுமார் 1,400 மீட்டர்ல இருக்கிற கேமரன் மலை ஊரு தானா ராத்தாக்கு போனா ராத்திரி குளுரு, அதான் கேமரன்ல தக்காளி அப்படி காய்க்குது.

சரி கீழ இருக்கிற நாம என்ன பண்றது? பனி காஞ்ச பிறகு, ஒரு ஒன்பதரை பத்து மணிக்கு, பூக்கொத்துக்கு பின்னால காம்ப விரலால மெதுவா சுண்டுங்க, தினமும். பேட்டரி டூத்பிரஷ் இருந்தா இன்னும் நல்லது, பின்பக்கத்த காம்புல ரெண்டு மூணு செகண்ட் வச்சா போதும், வெயில் படும்போது பார்த்தா மஞ்சத்தூள் புகை மாதிரி எறங்கும். மரத்த துளைக்குமே பெரிய கருவண்டு, அது பூவ பிடிச்சு ர்ர்ர்னு அதிர வைக்கிறதும் இதே வேலைதான், அத வெரட்டாதீங்க, மருந்தும் அடிக்காதீங்க.

அடுத்தது பாஜா, அதாவது உரம். கோழி எருவும் யூரியாவும் அள்ளி போட்டா எல தான் கருகருன்னு வளரும், பூ நிக்காது. பூக்க ஆரம்பிச்சதும் பச்ச பாஜாவ (தழை, மணி, சாம்பல் சத்து 15-15-15) நிறுத்திட்டு நீல பாஜாவுக்கு (12-12-17) மாறுங்க, அதுவும் கொஞ்சமா.

பொலிபேக் சிமெண்டு தரையில, ஜிங்க் தகர சுவரு ஓரமா இருந்தா நகர்த்துங்க, பகல் சூட்ட ராத்திரி பூரா அது செடி மேல விட்டுக்கிட்டே இருக்கும். காலை வெயில் பட்டு மத்தியானம் நெழல் விழுற எடம் நல்லது. தண்ணிய ஒரு நாள் காய விட்டு மறுநாள் ரொம்ப ஊத்துற பழக்கம் வேணாம், அதுக்கும் பூ கொட்டும்.

வெதையும் பாருங்க, பெரிய தக்காளிய விட செர்ரி தக்காளி நம்ம சூட்டுக்கு நல்லா பிடிக்கும். அம்மா இப்ப அதான் போடுறாங்க, ரசத்துக்கு கைநிறைய பறிச்சிட்டு வந்து என்கிட்ட நீட்டினாங்க பாருங்க, அன்னிக்கு அந்த முகத்துல இருந்த சந்தோஷம்!