இஞ்சியை முதலில் தண்ணீரில் போடுங்கள்

போன மாதம் ஒரு மாலை என் தங்கை போன் செய்தாள். "அக்கா, மறுபடியும் பால் திரிந்துவிட்டது. காலையில் வாங்கிய பால்தான்" என்றாள். குரலில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். மசாலா டீக்குப் பாலை அடுப்பில் ஏற்றியதுமே இஞ்சியைத் துருவிப் போட்டிருக்கிறாள். பாலில் குற்றமே இல்லை. பச்சை இஞ்சியில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பால் மெல்லச் சூடேறும் நேரத்தில் அது வேலையைக் காட்டிவிடும். தண்ணீரில் நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அன்று அவளுக்குச் சொன்ன முறையைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கு ஒன்றரைத் தம்ளர் தண்ணீர், ஒரு தம்ளர் பால். என் தம்ளர் 150 மில்லி பிடிக்கும். கொதித்துச் சுண்டியபின் இரண்டு தம்ளர் டீ சரியாக நிற்கும். கொழுப்பு நீக்காத பாலாக இருக்கட்டும். டீத்தூள் இரண்டு சிறு கரண்டி. பாக்கெட்டில் சி.டி.சி. என்று போட்டிருக்கும் குருணைத் தூளே இதற்குப் பொருத்தம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த முறை 1930களில் அசாமில் வந்தது. பால் சேர்த்தாலும் அதன் நிறமும் கடுப்பும் அடங்கிப்போவதில்லை. இலை இலையாக வரும் மென்மையான தேயிலையை மசாலாவோடு கொதிக்கவிட எனக்கு மனம் வராது. அதன் மணம் அத்தனையும் வீணாகிவிடும்.

மசாலாவுக்கு ஏலக்காய் மூன்று, கிராம்பு இரண்டு, மிளகு நான்கு, விரல் நகம் அளவுக்குப் பட்டை, கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி. கிராம்பில் மட்டும் கை தாராளமாகிவிடக் கூடாது. மூன்றாவது கிராம்பு விழுந்தாலே நாக்கு மரத்து, மற்ற வாசனை எதுவும் தெரியாமல் போகும்.

எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது சிறிய இடிகல்லில் தட்டிக்கொள்வேன். மிளகு, கிராம்பு, பட்டை ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். மாவாக இடித்தால் வடிகட்டியைத் தாண்டி வந்து தம்ளரின் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். ஏலக்காயைத் தோலோடு, தனியாகத் தட்டுங்கள். தோல் பிளந்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு விதைகள் நசுங்கும்போது ஒரு வாசனை எழும். அந்த வாசனை காற்றோடு பறந்துபோகும் எண்ணெயில் இருக்கிறது. அதனால் ஏலக்காயைத் தட்டிய கையோடு ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். அதன் முறை கடைசியில்தான் வரும்.

தண்ணீரில் இஞ்சி, பட்டை, மிளகு, கிராம்பு போட்டு, கொதி வந்தபின் ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் இளமஞ்சளாக மாறும். பட்டைக்கு இந்த நேரம் அவசியம். அது சீக்கிரம் இறங்கிக்கொடுக்காது. பிறகு டீத்தூளைப் போட்டு இரண்டு நிமிடம். அதற்கு மேல் விட்டால் கசப்பு ஏறும்.

இப்போது பால். காய்ச்சிய சூடான பாலாக இருந்தால் கொதி அடங்காது. பொங்கி விளிம்புக்கு வரும்போது தீயைக் குறையுங்கள், இறங்கியதும் கூட்டுங்கள். இப்படி மூன்று முறை. முதல் பொங்கலில் நுரை வெளுப்பாக இருக்கும். மூன்றாவதில் செங்கல் நிறம் ஏறி, பாத்திரத்தின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்தால் தீயை அணைத்து, ஏலக்காயைப் போட்டு, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். என் தங்கை அவசரத்தில் இந்த மூடியைத்தான் விட்டுவிடுகிறாள். ஏலக்காய் மணம் இறங்குவதே அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

சர்க்கரையை எப்போது போட்டாலும் சரி. வெல்லம் விரும்புகிறவர்கள் வடிகட்டிய பிறகு தம்ளரில் போட்டுக் கலக்குங்கள். பால் கொதிக்கும்போது வெல்லத்தைப் போட்டால், இஞ்சியிலிருந்து தப்பிய பால் அங்கே திரிந்துவிடக்கூடும்.

வடிகட்டும்போது சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். கடைசிச் சொட்டுகளில் வருவது துவர்ப்பு மட்டுமே. தானாக வடிகிற வரை வடிகட்டியைத் தம்ளர்மேல் அப்படியே பிடித்திருங்கள்.