தினமும் ஓட்ட வேகமான டீசல் கார்: பாத்து வாங்கறதும் பத்திரமா வெச்சுக்கறதும்

வேகமான கார்னாலே பெட்ரோல் டர்போதான், டீசல்லாம் டாக்ஸிக்கும் லோடு வண்டிக்கும்தான்னு இன்னும் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. நான் வாரத்துக்கு ரெண்டு தடவை கோயம்புத்தூர்லருந்து சேலம் போய்ட்டு வர்ற ஆளு, மாசம் எப்படியும் 2,500 கிலோமீட்டர் ஓடிரும். நாலு வருஷமா 2014 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டிடிஐ டீசல் மேனுவல் வெச்சிருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல 82,000 கிலோமீட்டர்ல எடுத்தது. என் சித்தப்பா பையன்கிட்ட அதே ஆக்டேவியா பெட்ரோல்ல, 1.8 டிஎஸ்ஐ இருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்தி நிறைய ஓட்டிருக்கேன். அதுலருந்து தெரிஞ்சுக்கிட்டதையும் கை சுட்டுக்கிட்டதையும் எழுதறேன், வாங்கற ஐடியால இருக்கவங்களுக்கு உதவும்.

பேப்பர்ல பாத்தா பெட்ரோல்தான் பெருசு. அது 178 பிஹெச்பி (குதிரை சக்தி), என்னோடது 141 பிஹெச்பி. நின்ன இடத்துலருந்து 100 தொடற போட்டி வெச்சா அவன்தான் ஜெயிப்பான், அதுல பேச்சே இல்ல. ஆனா டார்க்னு, அதாவது இழுவைன்னு பாத்தா அது 250 என்எம், இது 320 என்எம், அதுவும் 1,750 ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு என்ஜின் சுத்தற வேகம்) முழுசா கையில கிடைக்குது. நம்ம ரோட்டுல தினமும் நமக்கு வேண்டியது 80லருந்து 110 போற அந்த நாலஞ்சு செகண்ட்தான். பெருந்துறை தாண்டி ரெண்டு லாரி ஒண்ணையொண்ணு முந்திட்டு ரெண்டு லேனையும் அடைச்சுட்டு போகும், பின்னாடி 65ல உருட்டிட்டே போவோம், ஒருத்தன் ஒதுங்கினதும் நாலாவது கியர்ல லேசா மிதிச்சா போதும், என்ஜின் கத்தாம சீட்டோட சேத்து அமுத்திட்டு வண்டி போயிடும். பெட்ரோல்லயும் இது நடக்கும், ஆனா மூணாவதுக்கு இறக்கி ஆர்பிஎம் முள்ளை மேல ஏத்தி வெச்சு ஓட்டணும், அப்படியே ஓட்டினா மைலேஜ் பத்துக்கு வந்து நிக்கும். இந்த இழுவை ரேஸ்லயே வேலை செஞ்சிருக்கு, 2006ல லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஆடி ஆர்10 டிடிஐ ஜெயிச்சுது, டீசல் வண்டி அங்க ஜெயிச்சது அதான் முதல் தடவை.

சரி, காசு கணக்குக்கு வருவோம். ஏன்னா இதுதான் நீங்க டீசல் வாங்கலாமா கூடாதான்னு முடிவு பண்ற இடம். 2012 வாக்குல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்துச்சு, 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்த லாபம் பழைய மாதிரி இல்ல. 2024 மார்ச்ல விலை குறைச்சப்ப சென்னைல பெட்ரோல் 100 ரூபா சொச்சம், டீசல் 92 ரூபா சொச்சம், அதாவது லிட்டருக்கு எட்டு ரூபாதான் வித்தியாசம். அப்ப மிச்சம் எங்கருந்து வருதுன்னா மைலேஜ்லருந்து. நான் கொஞ்சம் வேகமா ஓட்டியே ஹைவேல 17 கிடைக்குது, சித்தப்பா பையனுக்கு அதே மாதிரி ஓட்டினா 11. அந்த விலையை வெச்சு 2,500 கிலோமீட்டருக்கு போட்டுப் பாத்தா எனக்கு 13,600 ரூபா, அவனுக்கு 22,900 ரூபா. மாசம் ஒன்பதாயிரத்துக்கு மேல மிச்சம். ஆனா நீங்க மாசம் 600 கிலோமீட்டர்தான் ஓட்டறீங்கன்னா மிச்சம் ரெண்டாயிரத்து சொச்சம்தான், டீசலை என்ஜினுக்குள்ள பீச்சற இன்ஜெக்டர்ல ஒரே ஒரு வேலை வந்தா அதை மொத்தமா முழுங்கிடும். மாசம் 1,200, 1,500 ஓடாதவங்க தயவுசெஞ்சு பெட்ரோலே எடுத்துக்கோங்க, உண்மையாவே சொல்றேன்.

எதைப் பாக்கலாம்? புதுசா வேணும்னா இப்ப சாய்ஸ் கம்மி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 மாசு விதி வந்தப்ப ஃபோக்ஸ்வேகனும் ஸ்கோடாவும் இங்க சின்ன டீசலையெல்லாம் நிறுத்திட்டாங்க, 2023ல வந்த புது ஹூண்டாய் வெர்னால டீசலே கிடையாது. மிச்சம் இருக்கறதுல பெரும்பாலும் எஸ்யூவிதான், டாடா ஹாரியர், மஹிந்திரா வண்டிங்க மாதிரி, இல்லன்னா பட்ஜெட் இருந்தா பிஎம்டபிள்யூ, பென்ஸ். நல்ல இழுவை இருக்கற, தரையோட ஒட்டி ஓடற டீசல் வேணும்னா செகண்ட் ஹேண்ட்தான் வழி. சின்னதுல போலோ ஜிடி டிடிஐ, 250 என்எம் அந்த குட்டி உடம்புக்கு ஜாஸ்தி. நடுவுல 2011ல வந்த வெர்னா 1.6 சிஆர்டிஐ, 126 பிஹெச்பி, நேர் ரோட்டுல பறக்கும், ஆனா 100க்கு மேல ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் எனக்கு நம்பிக்கை தரல. அதுக்கு மேல ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, ஸ்கோடா லாரா, ஆக்டேவியாவோட 2.0 டிடிஐ. எல்லாத்துக்கும் மேல பிஎம்டபிள்யூ 320டி, 2012 மாடல்லயே 380 என்எம், பின் சக்கர டிரைவ், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், ஓட்டறதுக்கு அதுதான் ராஜா. ஐரோப்பால ஆக்டேவியாவோட ஸ்போர்ட்ஸ் மாடலான ஆர்எஸ்ஸையே 184 குதிரை டீசல்ல வித்தாங்க, நமக்கு பெட்ரோல் ஆர்எஸ் மட்டும்தான் வந்துச்சு, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

செகண்ட் ஹேண்ட் பாக்கப் போறப்ப முக்கியமான விஷயம், வண்டி சூடாகாம இருக்கணும். ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. இக்னிஷன் ஆன் பண்ணி சுருள் மாதிரி இருக்கற அந்த குளோ பிளக் லைட் அணையற வரைக்கும் பொறுத்து அப்புறம் ஸ்டார்ட் பண்ணணும். உடனே பிடிச்சு ஒரே சீரா ஓடணும். ரொம்ப நேரம் சுத்தினாலோ பிடிச்சதும் குலுங்கினாலோ இன்ஜெக்டர் சந்தேகம். பின்னாடி ஒரு ஆளை நிக்க வெச்சு புகை பாக்க சொல்லுங்க, நீலமா வந்தா ஆயில் எரியுது, டர்போ சீலா கூட இருக்கலாம், மிதிச்சா கருகருன்னு தள்ளினா இஜிஆர் (புகையைத் திருப்பி என்ஜினுக்குள்ள விடற வால்வு), இன்டர்கூலர் ஹோஸ் (டர்போ காத்து போற குழாய்), இன்ஜெக்டர்னு வரிசையா பாக்கணும். மேனுவல் வண்டின்னா நியூட்ரல்ல விட்டு கிளட்சை மிதிச்சு மிதிச்சு விடுங்க, சத்தம் மாறி கடகடன்னு கேட்டா என்ஜின் அதிர்வை கியர்பாக்ஸுக்கு விடாம தாங்கற டூயல் மாஸ் ஃபிளைவீல் போற நிலைமைல இருக்கு, கிளட்சோட சேத்து மாத்தினா அரை லட்சம் தாண்டிடும், அதை விலைல குறைச்சுக் கேளுங்க. அப்புறம் ஸ்கேனர் இருக்கற மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு குடுக்கற ஆயிரம் ரெண்டாயிரம் வீண் இல்ல.

வண்டிக்கு வண்டி வியாதி வேற. டிடிஐல டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பில் இல்லன்னா மாத்தலன்னு வெச்சுக்கோங்க, வாங்கின வாரமே பெல்ட், வாட்டர் பம்ப் ரெண்டையும் மாத்திடணும், அறுந்தா என்ஜின் காலி. பழைய லாரால இருக்கற பிடி என்ஜினுக்கு (இன்ஜெக்டரோடவே பம்ப் இருக்கற பழைய டைப்) 505.01னு தனி ஆயில் கிரேடு இருக்கு, கண்ட ஆயில் ஊத்தின வண்டின்னா கேம்ஷாஃப்ட் தேஞ்சிருக்கும். ஆறு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் இருக்கற ஆட்டோமேட்டிக்) வண்டின்னா 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கியர் ஆயில் மாத்தின பில் இருக்கணும். 320டியோட என்47 என்ஜின்ல டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் பின்னாடி இருக்கு, அங்கருந்து உரசற சத்தம் வந்தா தொடவே தொடாதீங்க, என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காம அந்த வேலை ஆகாது.

அப்புறம் டெல்லி வண்டி. அங்க 10 வருஷம் தாண்டின டீசல் ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமை தீர்ப்பாயம் சொன்னதை 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, அதனால அங்கருந்து நல்ல நல்ல டீசல் வண்டியெல்லாம் அடிமாட்டு விலைக்கு இங்க இறங்குச்சு. விலையைப் பாத்து மயங்கிடாதீங்க, என்ஓசி (தடையில்லா சான்று), இங்க கட்ட வேண்டிய ரோடு டாக்ஸ், ரீரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேத்து கணக்கு போடுங்க. வெள்ளத்துல நின்ன வண்டியான்னும் பாருங்க, 2015லயும் 2023லயும் சென்னைல மூழ்கின வண்டிங்க கணக்கில்லாம. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தா அடில மண்ணு கோடு தெரியும், அதை யாரும் கழுவி வெக்கறதில்ல.

இப்ப எனக்கு நடந்தது. வாங்கின ரெண்டாவது வருஷம், ஐப்பசி மாசம், நல்ல மழை. சேலத்துலருந்து திரும்பி வர்றப்ப பழக்கமில்லாத ஒரு பங்க்ல ஃபுல் டேங்க் போட்டேன். பத்து கிலோமீட்டர் கூட போயிருக்காது, வண்டி வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சு, என்ஜின் லைட்டும் எரிஞ்சுது. எப்படியாவது வீடு போய் சேந்துடலாம்னு மனசு சொல்லுச்சு, நல்லவேளை ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டேன். டோ பண்ணி கொண்டு போனா மெக்கானிக் அண்ணன் ஃபில்டர்லருந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு வெச்சார், ஒரு நிமிஷத்துல மேல மஞ்சளா டீசலும் கீழ ரெண்டு விரக்கடை தண்ணியும் தனித்தனியா பிரிஞ்சு நின்னுச்சு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்லருந்து டீசல் தர்ற இந்த காமன் ரெயில் சிஸ்டம் 1,600 பாருக்கு மேல அழுத்தத்துல வேலை செய்யுது, பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் உராய்வு தடுக்கற எண்ணெய், அங்க தண்ணி போனா உலோகம் உலோகத்தை அரைச்சுடும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிருந்தா ரெண்டு லட்சம்ப்பா"ன்னார். டேங்க் இறக்கி கழுவி, ஃபில்டர் மாத்தி, எட்டாயிரத்தோட தப்பிச்சேன். அன்னிலருந்து கூட்டம் அதிகமா இருக்கற ரெண்டு பங்க்லதான் போடறேன், பில்லும் எடுத்து வெக்கறேன், டீசல் ஃபில்டரை கம்பெனி சொன்னதுக்கு பாதி தூரத்துலயே மாத்திடறேன். டேங்கர் வந்து இறக்கிட்டு இருக்கற நேரத்துல போடவே மாட்டேன், அடில இருக்கற கசடெல்லாம் அப்பதான் கலங்கும்.

பிஎஸ்6 டீசல்னா இன்னொரு பாடம் இருக்கு, டிபிஎஃப். புகைக்கரியைப் புடிச்சு வெக்கற ஃபில்டர் அது, அப்பப்ப சூடேத்தி அந்தக் கரியை எரிக்கணும், அதுக்கு வண்டி நிக்காம 15, 20 நிமிஷம் 60க்கு மேல ஓடணும். ஆர்.எஸ்.புரத்துலருந்து காந்திபுரம் மட்டும் போய்ட்டு வர்ற ஆளுக்கு அது நடக்கவே நடக்காது, லைட் எரியும், அந்த எரிப்பு பாதில நின்னு நின்னு, எரியாத டீசல் என்ஜின் ஆயில்ல கலந்து ஆயில் லெவல் ஏறும். வாரத்துக்கு ஒரு தடவையாவது பைபாஸ்ல விட்டு ஓட்டுங்க. ஆயிலும் டிபிஎஃப்க்குன்னு இருக்கற கிரேடுதான் ஊத்தணும், ஃபோக்ஸ்வேகன் குரூப்புக்கு 507.00, பிஎம்டபிள்யூக்கு எல்எல்-04.

ஓட்டற விதமும் கொஞ்சம் மாறணும். பெட்ரோல் பழக்கத்துல சிவப்பு கோடு வரைக்கும் இழுக்காதீங்க, 4,000க்கு மேல இதுல ஒண்ணும் இல்ல, 3,500லயே கியர் மாத்தினா அடுத்த கியர் சரியா இழுவை இருக்கற இடத்துல வந்து உக்காரும். அதே மாதிரி 1,500க்கு கீழ அஞ்சாவது ஆறாவதுல போட்டு அமுக்கறதும் தப்பு, ஃபிளைவீலைத் தின்னுடும். வால்பாறை போறப்ப ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி இருக்கே, அங்க இது நல்லா புரியும். வளைவுக்கு முன்னாடியே செகண்டுக்கு வந்துடணும், நடுவுல முள்ளு 1,500க்கு கீழ இறங்கிட்டா டர்போ தூங்கிடும், மிதிச்சாலும் ஒரு செகண்ட் ஒண்ணுமே நடக்காது, பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன் அடிப்பார். முள்ளை 1,800ல நிறுத்தி லேசா ஆக்ஸிலேட்டர் புடிச்சுட்டே திரும்பினா வெளிய வர்றப்ப அப்படி ஒரு இழுவை, அஞ்சு பேர் உக்காந்திருக்காங்கன்னே தெரியாது. மேல போனதும் சாவியைத் திருப்பி உடனே நிறுத்தாதீங்க, ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க, டர்போ அவ்ளோ சூட்டுல இருக்கு.

ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி சக்தி ஏத்தறது, அதைப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. ஸ்டேஜ் 1 (பார்ட் எதுவும் மாத்தாத முதல் கட்டம்) போட்டா இந்த 2.0 டிடிஐ 170, 180 குதிரைக்கு போகும், டார்க்கும் 380 பக்கம் வரும், ஓட்டிப் பாத்திருக்கேன், வேற வண்டி அது. ஆனா அந்த டார்க்கை முதல்ல வாங்கறது பழைய கிளட்ச்தான், ஏற்கனவே லட்சம் ஓடின கிளட்ச் மூணே மாசத்துல வழுக்க ஆரம்பிச்சுடும், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம பண்ணினா கிளைம்ல பிரச்சனை, புகை ஜாஸ்தி தள்ளற மேப் போட்டா ஊருக்கும் கெடுதல். என்னோடது இப்ப ரெண்டு லட்சம் பக்கம் ஓடிருக்கு, கிளட்ச் இன்னும் ஒரிஜினல். அது போற அன்னிக்கு ஃபிளைவீலோட சேத்து புதுசா போட்டுட்டு, இன்ஜெக்டர் டெஸ்ட் எடுத்துட்டு, அப்புறம்தான் மேப்.