முதல் வண்ணத்துப்பூச்சிப் படம்: வெந்தய வரியனில் தொடங்குங்கள்

புதிதாகப் படமெடுக்கப் பழகுகிறவர்கள் எலுமிச்சை அழகி (Lime Butterfly) என்ற வண்ணத்துப்பூச்சியைத் துரத்தி நொந்துபோவார்கள். தேன் குடிக்கும்போதும் அது சிறகடிப்பதை நிறுத்தாது. வெந்தய வரியன் (Plain Tiger) அப்படியில்லை. புழுவாக இருக்கையில் எருக்கிலை தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. அந்தத் தைரியத்தில் தாழ்வாக, நிதானமாகப் பறக்கும்.

1. இடமும் நேரமும்

காட்டுக்குப் போகவேண்டியதில்லை. எருக்கும் வெட்டுக்காயப்பூண்டும் மண்டிய தரிசு நிலம் போதும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் போங்கள். உடம்பு சூடேறும்வரை இறக்கை விரித்து வெயில் காயும். உச்சிவெயிலில் அமரவும் அமராது, படத்தில் நிறமும் வெளிறிவிடும்.

2. கேமரா அமைப்பு

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சிறியவற்றை மிக அருகில் எடுப்பதற்கானது) நல்லது. இல்லாவிட்டால் 70-300 ஜூமை 300-இல் வையுங்கள். தள்ளி நின்றே எடுக்கலாம் என்பதால் தொடக்கத்துக்கு அதுவே வசதி. மேனுவல் மோடில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஆட்டோ (உச்சம் 1600). செடி காற்றில் ஆடினால் 1/1000. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், கேமரா தொடர் படப்பிடிப்பில்.

3. நெருங்குவது

பூவில் உட்கார்ந்து உறிஞ்சுகுழலை நீட்டும்வரை காத்திருங்கள். பிறகு குனிந்து, நேர்கோட்டில், ஒவ்வோர் அடியாக. பக்கவாட்டில் நகர்ந்தால் உடனே கண்டுகொள்ளும். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் அவ்வளவுதான். பறந்துவிட்டால் பின்னால் ஓடாதீர்கள். அதே பூக்கூட்டத்துக்குத் திரும்பி வர வாய்ப்புண்டு.

4. இறக்கைக்கு இணையாக நில்லுங்கள்

ஒரு இறக்கை கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வருவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். குறை கோணத்தில். ஏபிஎஸ்-சி (முழுச் சட்டகத்தைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் பூச்சி சட்டகத்தை நிறைக்கும்போது, எஃப் 8-லும் கூர்மையாக விழும் ஆழம் 3, 4 மி.மீ. மட்டுமே. இறக்கை மூடியிருந்தால் பக்கவாட்டில் நின்று, கேமராவின் பின்திரை இறக்கைக்கு இணையாக இருக்கும்படி பிடியுங்கள். விரித்திருந்தால் மேலிருந்து நேராக. ஃபோகஸ் புள்ளி கண்ணில். முதலில் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவைத்துவிட்டு, பிறகு கோணத்தைத் திருத்துங்கள்.

5. திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்

படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைவு. பூச்சி மட்டும் இழுபட்டிருந்தால் அதன் அசைவு. இரண்டுக்கும் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். முன்னிறக்கை நுனியின் வெள்ளைப் பட்டையில் விவரமே இல்லாவிட்டால் வெளிச்சம் அதிகம்: எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள்.

பூச்சியைப் பிடித்து குளிர்பெட்டியில் வைத்து அசையாமல் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், கால் மடங்கிக் கிடக்கும் அந்தப் படம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கோணம் சரியாக அமைந்திருந்தால் ஆணா பெண்ணா என்பதும் படத்திலேயே தெரியும். பின்னிறக்கையின் நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள் என்றால் பெண். கூடவே, நடுவில் வெள்ளையும் சுற்றிலும் தடித்த கறுப்பு விளிம்புமாகச் சற்றுப் புடைத்த நான்காவது புள்ளி இருந்தால் ஆண்.