மண் சீராக்கி வேலை செய்கிறதா? மூன்றரை சென்ட் வெண்டையில் சோதிக்கும் முறை

மண்ணின் தன்மையைச் சீர்படுத்தப் போடும் பொருள்தான் மண் சீராக்கி. அப்படித் தென்னை நார்க்கழிவு உரம் போட்டதும் காய்ப்பு கூடியது என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: போடாத பாத்தி பக்கத்தில் இருந்ததா? அது இல்லாமல், காய்ப்பைக் கூட்டியது அந்த ஆண்டு மழையா, புது விதையா, போட்ட உரமா என்று பிரித்தறிய வழியே இல்லை. செலவு செய்து தோட்டம் முழுக்கக் கொட்டுவதற்கு முன் ஒரு பட்டம் (பயிர்ப் பருவம்) சிறிய அளவில் சோதித்துவிடுவது நல்லது.

முதலில் மண்ணின் குறை என்ன என்று பாருங்கள். நன்கு காய்ந்த மண்கட்டியைப் பட்டாணி அளவில் எடுத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள மழைநீரில் மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டி அப்படியே இருந்தால் மண்ணின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது. குறையை வேறிடத்தில் தேட வேண்டும். கட்டி பொலபொலவென உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மக்குச்சத்து போதவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது. ஜிப்சம் கைகொடுப்பது இத்தகைய மண்ணில்தான். இந்தச் சோதனைக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள உப்பு களித்துகள்களைக் கலங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும், சோடியம் மிகுந்த களர் மண்ணும் நல்ல மண் போலத் தெரியும்.

கூடவே ஒரு மண் பரிசோதனையும் செய்யுங்கள். பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவை ஆய்வகத்துக்குக் கொடுத்தால் போதும். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் என்றால் களர். நீலகிரி போன்ற இடங்களின் புளிப்பு மண்ணுக்குத் தேவை சுண்ணாம்பு அல்லது டோலமைட். ஜிப்சம் புளிப்பை முறிக்காது. இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

சோதனைக்கு வெண்டை மிகப் பொருத்தம். விதைத்து ஆறேழு வாரத்தில் காய்க்கத் தொடங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதால் எடைக் கணக்கு நிறையக் கிடைக்கும். பாத்தி 3 மீட்டருக்கு 1.8 மீட்டர். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டால் நான்கு வரிசையில் 40 செடிகள் வரும். நான்கு வகைப் பாத்திகள்: வெறும் பாத்தி, மக்கிய நார்க்கழிவு உரம், ஜிப்சம், உமிக்கரி. ஒவ்வொன்றும் நான்கு முறை, ஆக 16 பாத்திகள். 60 செ.மீ. நடைவெளியோடு மூன்றரை சென்ட் ஆகும்.

நிலம் சரிவாக இருந்தால், சம மட்டத்தில் உள்ள நான்கு பாத்திகளை ஒரு தொகுதியாக எடுத்து, அதற்குள் எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இவ்விடம் நல்ல மண் என்று கை தானாகப் பிடித்த பொருளுக்கு ஒதுக்கிவிடும். சீட்டுக்கு அந்தப் பாசம் கிடையாது. ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குள் போகாதபடி தனித்தனி மடை வையுங்கள். ஜிப்சம் நீரில் கரைந்து நகரும்.

ஒரு பாத்திக்கு அளவு: நார்க்கழிவு உரம் 6.75 கிலோ (ஏக்கருக்கு 5 டன் கணக்கு), ஜிப்சம் 1.1 கிலோ (எக்டேருக்கு 2 டன்), உமிக்கரி 5.4 கிலோ. முற்றிய களருக்கு ஜிப்சம் இந்த அளவு போதாது. ஆய்வகம் சொல்லும் தேவையின்படி போட வேண்டும், வடிகாலும் வேண்டும். நார்க்கழிவை வாங்கிய எடையில் கணக்கிடாதீர்கள். அது தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். நூறு கிராமை எடை குறைவது நிற்கும்வரை வெயிலில் காயவைத்தால், மூட்டையில் எவ்வளவு தண்ணீருக்குக் காசு கொடுத்தோம் என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன அளவு காய்ந்த எடை.

எல்லாப் பொருளையும் 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, நீர் பாய்ச்சி, இரண்டு வாரம் விடுங்கள். வெறும் பாத்தியையும் அதே ஆழத்துக்குக் கொத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் மண்வெட்டி செய்த வேலையின் பெயரைச் சீராக்கி தட்டிக்கொண்டு போகும். உமிக்கரியைத் தொழு உரத்தோடு ஊறவைத்துப் போட்டால், அதே அளவு தொழு உரம் மற்றப் பாத்திகளுக்கும் போக வேண்டும். அடியுரம், மேலுரம், மருந்து, தண்ணீர் எல்லாம் 16-க்கும் ஒன்றே.

குழிக்கு இரண்டு விதை போட்டு, பத்தாம் நாள் ஒன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். மூன்றாம் வாரம் நார்க்கழிவுப் பாத்தியில் மட்டும் அடி இலைகள் மஞ்சளானால் உரம் சரியாக மக்கவில்லை. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைச் செடிக்கு முந்தி எடுத்துக்கொள்கின்றன. உமிக்கரிப் பாத்தியில் குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், கரியின் காரத்தால் இரும்புச்சத்து கிடைக்காமல் போயிருக்கலாம். மஞ்சள் நரம்புத் தேமலை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: அதில் நரம்புகளே மஞ்சளாகும், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது.

எடை போடுவது நடு இரண்டு வரிசையின் செடிகளை மட்டும், அதிலும் இரு முனையிலும் ஒவ்வொன்றை விட்டு 16 செடிகள். ஓரச் செடிகள் வெளிச்சமும் பக்கத்து மண்ணும் பெறுவதால் கணக்கைக் கெடுக்கும். நல்ல காய், பூச்சி துளைத்த காய் என்று தனித்தனியாக எடை எழுதுங்கள். செடி செத்தால் எண்ணிக்கையைக் குறியுங்கள், ஆனால் பாத்தியின் மொத்த எடையை மீதிச் செடிகளால் வகுக்காதீர்கள். செடியைக் கொன்றதே நீங்கள் போட்ட பொருளாக இருக்கலாம். வகுத்தால் அது மறைந்துவிடும்.

மண் மாறியதா என்பதற்குத் தனி அளவு உண்டு. 15 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய்த்துண்டை ஈர மண்ணில் பாதி அளவு இறக்கி, 450 மி.லி. தண்ணீர் ஊற்றி, அது மறையும் நேரத்தைக் குறியுங்கள். அது இறங்கியதும் இன்னொரு 450 மி.லி. ஊற்றுங்கள், ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாம் முறை நேரத்தை. விதைப்புக்கு முன்னும் கடைசிப் பறிப்புக்குப் பின்னும் செய்யுங்கள். முடிவில் பாத்திக்கு நான்கு செடிகளைத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அது தாக்கிய பாத்தியின் எடையைச் சீராக்கியின் தலையில் ஏற்றக் கூடாது.

தீர்ப்புக்குச் சராசரி மட்டும் போதாது. நான்கு தொகுதியிலும் தனித்தனியே வெறும் பாத்தியை முந்தியதா என்று பாருங்கள். பயனே இல்லாத பொருள்கூடத் தற்செயலாக நான்கிலும் முந்த 16-இல் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்றில் முந்தி ஒன்றில் பிந்தினால் இன்னொரு பட்டம் பார்க்காமல் நம்ப வேண்டாம். 16 செடிகளில் கிடைத்த கூடுதல் எடையை 18.7-ஆல் பெருக்கினால் ஒரு சென்ட்டுக்கான கூடுதல் விளைச்சல். அதன் விலையை, அந்தச் சென்ட்டுக்குத் தேவைப்படும் சுமார் 50 கிலோ நார்க்கழிவு உரத்தின் விலை, வண்டிக்கூலி, ஆள்கூலியோடு வைத்துப் பாருங்கள். உமிக்கரி மண்ணில் பல ஆண்டு நிற்கும் பொருள். ஆகவே மூலைக்குச்சிகளைப் பிடுங்காமல், எதையும் புதிதாகப் போடாமல், அதே பாத்திகளில் அடுத்த பட்டத்தையும் எடை போட்ட பிறகே அது கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யுங்கள்.