எந்தப் பக்கம் கெட்டி? ஒரு ஏ4 தாளும் பழைய வேட்டியும் போதும்

காசிமேட்டில் ஃபைபர் படகு ரிப்பேர் நடக்கும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரண்டு விதக் கண்ணாடி இழை கண்ணில் படும். ஒன்று மேட், வைக்கோலைக் கொட்டியதுபோல இழைகள் கன்னாபின்னாவென்று கிடக்கும். இன்னொன்று ரோவிங், கோணிப்பை மாதிரி நெசவு. இரண்டிலும் இழை அதே கண்ணாடிதான். அப்புறம் எதற்கு இரண்டு? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள். இழுத்து விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புவது மீட்சி. இழுக்கவே எவ்வளவு விசை கேட்கிறது என்பது விறைப்பு. 'ரப்பரா, எஃகா, எதற்கு மீட்சி அதிகம்?' என்ற பிளஸ் ஒன் கேள்விக்கு எஃகு என்று எழுதி மார்க் வாங்கியிருப்போம். உண்மையில் அந்த விடை விறைப்பைப் பற்றியது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இப்போது ஏ4 தாளில் நீளவாக்கில் ஒரு துண்டு, அகலவாக்கில் ஒரு துண்டு வெட்டுங்கள். இரண்டும் 20 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். பென்சிலால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது எதுவென்று தெரியாது. ஃபேனை நிறுத்துங்கள். ராயபுரம் பக்கம் மாடிவீடு என்றால் ஜன்னலையும் சாத்துங்கள். கடல்காற்றில் நமுத்த தாள் வேண்டாம், ஈரம் ஏறினால் விறைப்பு குறைந்துவிடும்.

துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரு முனையைப் பிடித்து, 15 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கிடையாகப் பிடியுங்கள். பிறகு மேல் கீழ் மாற்றிப் பிடியுங்கள். ஒரு முறை இரண்டும் ஒட்டியே வளையும். மறுமுறை கீழ்த்துண்டு தனியே தொங்கி இடைவெளி விழும். அப்படித் தொங்குவதுதான் தொளதொளப்பான திசை. காகித மில்லில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் அதிகம் படிவதால் வந்த வித்தியாசம் இது. நாரோடு சேர்ந்து வளைப்பது கடினம், குறுக்கே வளைப்பது சுலபம். மரமும் இப்படித்தான், ஆனால் அதில் வித்தியாசம் 10 மடங்கைக்கூடத் தாண்டும். திசைக்குத் திசை குணம் மாறும் இப்படிப்பட்ட பொருளை அனைசோட்ரோபிக் என்பார்கள்.

அடுத்தது வேட்டித் துண்டு, சதுரமாக. பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) வழியே இழுங்கள், ஊடை (குறுக்கே ஓடுவது) வழியே இழுங்கள். இரண்டிலும் பெரிதாக நீளாது. சரி, இப்போது மூலைக்கு மூலை இழுங்கள். சட்டென்று நீண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கும்! நூல் எதுவும் நீளவில்லை. நூல்களுக்கு இடையிலிருந்த செங்கோணம்தான் சாய்ந்துவிட்டது. இதைத் தடுப்பது சறுக்கு விறைப்பு. துணியில் அது மிகவும் குறைவு.

எஃகுக் கம்பி போல எல்லாத் திசையிலும் ஒரே குணம் உள்ள பொருள் எப்படி நீளும், சாயும் என்று சொல்ல 2 எண்கள் போதும். யங் குணகமும் (இழுக்கும்போது காட்டும் விறைப்பின் அளவு) பாய்சான் விகிதமும் (நீளும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்கும் என்பது) தெரிந்தால் சறுக்கு விறைப்பைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். துணியில் அது நடக்காது, தனியாக அளந்தே ஆக வேண்டும். தளத்துக்குள் மட்டும் பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று, சறுக்குக்கு ஒன்று, பாய்சான் விகிதம் ஒன்று, ஆக 4. மரத்துக்கு முப்பரிமாணத்தில் 9. எந்தச் சமச்சீரும் இல்லாத படிகத்துக்கு 21. இந்த 21ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்கு அது தேவையே படாது.

படகுக்கு வருவோம். கண்ணாடி இழையின் யங் குணகம் சுமார் 70 ஜிகா பாஸ்கல். இழைகளை ஒட்டி இறுகும் பிசினான ரெசினுக்கு 3, 4தான். பாரத்தைத் தாங்குவது இழை, அதுவும் தான் ஓடும் திசையில் மட்டும். ரோவிங் இரண்டு திசையில் விறைப்பாக நிற்கும், மூலைவாக்கில் வேட்டிபோல இளகும். ரெசின் இறுகியிருப்பதால் அந்த அளவுக்குப் போகாது, அவ்வளவுதான். மேட்டில் இழை எல்லாப் பக்கமும் கிடப்பதால் தளத்துக்குள் எந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ரோவிங்கின் நேர்த்திசை அளவுக்கு விறைப்பு வராது. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.